சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓடிய லாரிகள்

புத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. அதன் பின்னால் முள் மண்டிக் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, சிமெண்ட் கல் வார்க்கும் களம். அந்தக் கல்லை ஏற்றி இறக்க ஒரு பழைய லாரி, அப்புறம் இன்னொன்று. நகரியில் தறிக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஒரு ஷெட். கடைசியாக, திருப்பதி–சென்னை சாலையில் வடமாலபேட்டையைத் தாண்டி, ரோஸ் கலர் பூசிய கல்யாண மண்டபம். இவ்வளவும் நான் கட்டியது.

என் நைனா பிறத்தியார் நிலத்தில் கரும்பு வெட்டியவர். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி, அதுவும் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்தை லாரிகளின் முதுகிலும் சுவர் போஸ்டரிலும் பார்த்துத்தான் கற்றேன். மண்டபத்துக்கு அஸ்திவாரம் தோண்டியபோது பாறை வந்தது. வெடி வைக்கக் கூடாது என்றார்கள். தீ மூட்டி, சூடேறியதும் தண்ணீர் ஊற்றி, பாறையை நானே பிளக்க வைத்தேன். பேங்கில் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். அஸ்திவாரம் போட்டபோது சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க அலைந்தேன். சுவர் எழும்பிய நேரத்தில் நாட்டில் எல்லாம் மாறி, சிமெண்ட் கடைக்குக் கடை வந்துவிட்டது. மாறுவதற்கு முன்னாலேயே பாதியைக் கட்டியவன் நான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இதில் யார் பெயரையும் நான் போடவில்லை. நம் பக்கத்தில் பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

மண்டபத்துக்கு உயிர் முகப்பில்தான் இருக்கிறது. என் முகப்பில் இரண்டு யானைகள் தும்பிக்கை தூக்கி நிற்கும் ஆர்ச் உண்டு, அகலமான படிகள் உண்டு. காரில் போகிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது அதைத்தான். பெண் வீட்டார் இறங்கி வாடகை கேட்பதும் அதைப் பார்த்துத்தான். முகப்பு போய்விட்டால் பின்னால் இருப்பது வெறும் குடோன். அந்த முகப்பு போகப் பார்த்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கம்ப்யூட்டர் படித்தவர்களை எல்லாம் அமெரிக்கா வாரி எடுத்துக்கொண்ட காலத்தில் என் மகனும் போனான். ஒரு முறை சம்சாரத்தை அங்கே விட்டுவிட்டு விசா முத்திரைக்காக இங்கே தனியாக வந்தவன் மாட்டிக்கொண்டான். சென்னையில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். எனக்கு அப்போதே சந்தேகம். வேலை போய்விட்டதோ, சொல்லக் கூச்சப்படுகிறானோ? அது ஆடி மாசம். தமிழருக்கு ஆடி, தெலுங்கருக்கு ஆஷாடம், ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வந்து மண்டபத்தைக் காய வைக்கும். மாடியில், கல்யாணம் இல்லாத மாப்பிள்ளை ரூமில் ஏ.சி. சும்மா இருந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டான். அமெரிக்காவிலிருந்து பெட்டியில் ஒரு ஸ்டியரிங், காலுக்கு இரண்டு பெடல் கொண்டுவந்திருந்தான். விமானம் ஓட்டும் விளையாட்டு. விளையாட்டு என்றால் கோபம் வரும். சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும்.

ரேணிகுண்டா விமான நிலையத்தையும் அதைச் சுற்றியுள்ள நம் பகுதியையும் அந்த சிமுலேட்டருக்குள் அப்படியே கொண்டுவருகிறேன் என்று வேலையைத் தொடங்கியிருந்தான். சாட்டிலைட் எடுத்த படத்தைத் தரையில் பாய் விரித்த மாதிரி விரித்துவிடுகிறார்கள். பாயில் அச்சடித்த பூவைப் போலத்தான் வீடும் மரமும் ஏரியும் அதில் தட்டையாகக் கிடக்கின்றன. பிறகு ஒவ்வொரு கட்டடத்தையும் ஒருவன் உட்கார்ந்து நிமிர்த்த வேண்டும், சுவருக்குப் போட்டோ ஒட்ட வேண்டும். திருமலையின் செங்குத்துப் பாறை மட்டும் சாயம் வழிந்த வேட்டி போல இழுபட்டுத் தெரிந்தது. மேலேயிருந்து எடுத்ததால் பாறையின் முகம் படத்தில் விழவில்லை என்றான். அலிபிரியிலிருந்து ஏறும் படிவழி வெள்ளை நூலாகத் தெரிந்தது.

என் சம்சாரம் சாப்பாட்டுத் தட்டோடு வந்தவள் திரையைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"மலைமேல போவாத கண்ணு. சாமி தலைக்கு மேல எவனும் போவக் கூடாது."

"அம்மா, இது கம்ப்யூட்டரு."

"கம்ப்யூட்டருன்னா சாமி இல்லியா? மொதல்ல திருப்பு. திருப்பிட்டு துன்னு."

திருப்பினான். அவளுக்கு அதோடு நிம்மதி. எனக்கு அப்படி இல்லை.

"இந்தப் படத்த எடுத்தவன் நம்மள ஒரு வார்த்த கேட்டானா?"

"யாரையும் கேக்க மாட்டான் நைனா. அது பாட்டுக்கு மேல சுத்திக்கினு எடுக்கும்."

"சும்மாவா எடுக்கும்?"

அவன் திரையில் மண்டபத்தின் நிழலைக் காட்டினான். நிழல் எவ்வளவு நீளம், படம் எடுத்த நேரத்தில் சூரியன் எங்கே இருந்தது என்று தெரிந்தால் கட்டடத்தின் உயரம் வந்துவிடுமாம். கணக்குப் போட்டு உயரத்தைச் சொன்னான். சரியாக இருந்தது. பஞ்சாயத்தில் நான் கொடுத்த பிளானில் மேல் மாடி கிடையாது. நம் பக்கத்தில் யார் வீட்டு பிளானில்தான் மேல் மாடி இருக்கிறது?

"இத்த யாரு வேணா பாக்கலாமா?"

"யாரு வேணா பாக்கலாம்."

வீட்டெதிரில் அளக்கிற டேப்போடு நிற்கிற ஆளை எப்படிப் பார்ப்பேனோ, அன்றிலிருந்து அந்தப் பெட்டியையும் அப்படித்தான் பார்த்தேன்.

ஒரு பிற்பகல் அவன் குளிக்கப் போயிருந்தான். நான் மாப்பிள்ளை ரூமுக்குள் போனேன். திரையில் என் மண்டபம். மேலேயிருந்து பார்ப்பதால் ரோஸ் கலர் இல்லை, சுண்ணாம்பு அடித்த மொட்டை மாடிதான். யானைகள் இல்லை, ஆர்ச்சின் நிழல் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. அந்த ஆர்ச்சின்மேல் ஏறி, படிகளை மிதித்து, சாப்பாட்டுக் கூடத்தின் மூலையை வெட்டிக்கொண்டு ஒரு சிவப்புக் கோடு நேராகப் போனது.

சிவப்புக் கோடு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ரோட்டை அகலம் பண்ண வருகிறவர்கள் முதலில் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடுதான் வருவார்கள். சுவரில் ஒரு கோடு, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. கோட்டுக்கு அந்தப் பக்கம் உன்னுடையது, இந்தப் பக்கம் ரோட்டினுடையது. என் டீக்கடையில் பாதி அப்படித்தான் போயிற்று.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"இன்னாடா அது செவப்புக் கோடு?"

"ரோடு நைனா."

"ரோடு அந்தாண்ட இல்ல கீது? இது நம்ம ஆர்ச்சு மேல போவுது."

"இப்போ அப்டி கீது. சரி பண்ணணும்."

"யாரு போட்ட கோடு?"

"எவனோ போட்டது. ஃப்ரீயா குடுக்கறாங்க, நாம எறக்கிக்கலாம்."

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டான். ஓசியில் ரோடு போட்டுத் தருகிறவன் இந்த உலகத்தில் உண்டா? எனக்குப் புரிந்துவிட்டது. ரோடு பிளான் எப்படியோ வெளியே வந்திருக்கிறது. மகனுக்குத் தெரியும், என் பி.பி.யை நினைத்து மறைக்கிறான். அல்லது முகப்பு போகட்டும், மீதியை விற்றுவிட்டுக் கிழவனையும் கிழவியையும் அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று திட்டம். முந்தின வாரம்தான் என் சம்சாரம், "அங்க ரொம்பக் குளுருமாமே?" என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டையும் முடிச்சுப் போட்டேன்.

எனக்குத் தெரிந்த சர்வேயர் ஒருவரிடம் போய், ரோடு பிளான் ஏதாவது வந்திருக்கிறதா என்று தெலுங்கில் விசாரித்தேன். "ஏமீ லேதண்டி" என்றார். எதுவும் இல்லையாம். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இருக்கிறது என்று சொன்னால் இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். இல்லை என்றால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு கட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

திரும்பி வந்து மண்டபத்தின் எதிரே நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டயர்க்கடை வைத்திருப்பவன் என் பங்காளி, சித்தப்பா மகன். அவன் கடைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணா, மண்டபத்தையே மொறச்சிக்கினு நிக்கற? உன் கண்ணே பட்டுடப் போவுது."

"உன் கண்ணு படாம இருந்தா செரி தம்பி."

சிரித்தான். அவன் ஏன் சிரிக்க வேண்டும்? ரோடு என் பக்கம் வந்தால் அவன் படி தப்பும். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

ரோடு போடுகிறவர்கள் வீட்டை இடிப்பார்கள், கடையை இடிப்பார்கள். சாமியை மட்டும் பத்துப் பேரைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்கள். கேட்கிற நேரத்தில் கோடு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். இந்தச் சாலையில் காரணமில்லாத திருப்பம் எங்கே இருந்தாலும் இறங்கிப் பாருங்கள், உள்பக்கம் ஒரு கோயில் இருக்கும். திருப்பதிக்குப் போய் ஒரு கல் பிள்ளையாரை வாங்கி லாரியில் ஏற்றினேன். கோடு ஆர்ச்சைத் தொடும் இடம் எது என்று தெரிய வேண்டுமே. மகன் இல்லாத நேரம் பார்த்துத் திரையில் கைவைத்துச் சாண் போட்டு அளந்தேன். விரல் தடம் பட்டிருக்கிறது என்று சாயங்காலம் துணியால் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தான்.

ஐயர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடியில் பிரதிஷ்டை கிடையாது என்றார்.

"பிரதிஷ்டை வேணாம் சாமி. தானியவாசத்துல வைக்கலாம் இல்ல?"

புதுச் சிலையைப் பிரதிஷ்டைக்கு முன்னால் நெல்லுக்குள் மூடி வைப்பது வழக்கம். அதற்குத் தடை இல்லை என்றார். இவ்வளவு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்று ஏதாவது உண்டா என்று கேட்டேன். அப்படி யாரும் தன்னைக் கேட்டதில்லை என்றார். எனக்கு அது போதும்.

ஆர்ச்சுக்கு முன்னால், அளந்த இடத்தில், செங்கல்லால் தொட்டி கட்டி நெல்லைக் கொட்டி, பிள்ளையாரை இறக்கினேன். மேலே தகரக் கூரை. முழுக்க மூட வேண்டும் என்றார் ஐயர். அவர் போன பிறகு நெல்லை விலக்கி, தும்பிக்கை நுனி மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். முழுக்க மூடிவிட்டால், இடிக்க வருகிறவனுக்கு உள்ளே சாமி இருப்பது எப்படித் தெரியும்? தொட்டியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, மேலே சின்னக் கோபுரம் கட்ட மேஸ்திரியை விட்டேன். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

மகன் மாடியைவிட்டு இறங்குவதே அபூர்வம். சுவருக்கு ஒட்டப் போட்டோ எடுக்க ஒரு நாள் காலையில் கேமராவோடு முகப்புக்கு வந்தான்.

"இன்னா நைனா இது?"

"புள்ளையாரு."

"அது தெரியுது. வாசல்ல எதுக்கு? காரு எப்டி உள்ள வரும்?"

"காரு சுத்திக்கினு வரும். ரோடுதான் வரக் கூடாது."

"எந்த ரோடு?"

"என்னயே கேளு. செவப்புக் கோடு போட்டுக்கினு ரூமுல ஒக்காந்துகினு கீற நீ, எந்த ரோடுன்னு என்னக் கேக்கற."

கொஞ்ச நேரம் என்னையும் தும்பிக்கையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "மேல வா" என்றான்.

மாடியில் பெட்டியை ஓடவிட்டு, பறவை இறங்குவதுபோலப் பார்வையைத் தரைக்குக் கொண்டுவந்தான். அதற்குள் மண்டபத்தை நிமிர்த்தியிருந்தான். சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்தச் சிவப்புக் கோடு இப்போது தார் ரோடாக இருந்தது. அதன்மேல் லாரிகள் வந்தன. வந்தவை ஆர்ச்சுக்குள் நுழைந்து, படியேறாமல் படிக்குள்ளேயே புகுந்து, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரைத் துளைத்து, பந்தி போடும் இடத்தின் வழியாக மறுபக்கம் போய்க்கொண்டே இருந்தன. சுவர் விழவில்லை. சத்தமும் இல்லை.

எங்கள் பின்னால் வந்து நின்ற என் சம்சாரம், "ஐயோ, எலை போட்டிருந்தா இன்னா ஆவறது?" என்றாள்.

"பாத்தியா நைனா? படம் ஒருத்தன் குடுத்தது. ரோட்டுக் கோடு இன்னொருத்தன் குடுத்தது. ரெண்டும் ஒத்துப் போவல, கோடு தள்ளி விழுந்துக்குது. இத்ததான் சரி பண்ணணும்னு சொன்னேன்."

மவுசில் ஒரு விரலை வைத்துக் கோட்டை இழுத்தான். லாரிகள் என் சாப்பாட்டுக் கூடத்தை விட்டு வெளியேறி, நல்ல பிள்ளைகளாக ரோட்டில் போயின.

"இதுக்காயா சாமிய நெல்லுல பொதச்சி வச்சிக்கினு கீற?" என்று அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

"ரோடு இவ்ளோ சுளுவா நவுருமா?"

"நவுரும்."

"நீ நவுத்தினா நவுருது. வேற எவனாச்சும் நவுத்தினா?"

மாடியில் உட்கார்ந்துகொண்டு ஒரு விரலால் ரோட்டை என் வீட்டுக்குள்ளும் வெளியிலும் விட முடியும் என்றால், அப்படிப்பட்ட விரல் என் மகனிடம் மட்டுமா இருக்கும்? கோபுர வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. கலசத்தையும் பெரிதாக வைக்கச் சொன்னேன்.

"செரி, உன் படத்துல இப்போ புள்ளையார் எங்க?" என்று கேட்டேன்.

"படம் எடுத்தப்போ வெறும் தரை நைனா. சின்னக் கோயிலு, மேலருந்து யாருக்கும் தெரியாது."

"அப்போ தத்ரூபம் தத்ரூபம்னு நாள் முழுக்க சொல்லிக்கினு கீறியே, அது இன்னா?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவன் வேலை வேலையாயிற்று என்பேன். கோபுரத்தை நான்கு பக்கமும் படம் எடுக்க சாரத்தில் ஏறி நின்றது நான். யானையின்மேல் நிழல் விழுவதற்கு முன்னால் காலையிலேயே எடு என்று எழுப்பியது நான். ரோஸ் கலர் திரையில் செங்கல் நிறமாக வந்தபோது மிச்சப் பெயிண்ட் டப்பாவைக் கொண்டுபோய்த் திரைக்குப் பக்கத்தில் வைத்து, இதுதான் என்று சொன்னதும் நான். சாட்டிலைட் படத்தில் புத்தூர்ப் பக்கம் மழைக்காலத்தில் எடுத்தது, பச்சை. ரேணிகுண்டாப் பக்கம் வெயில் காலத்தில் எடுத்தது, காய்ந்து கிடந்தது. நடுவில் ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஒரு தையல். எதற்கு எதை மாற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பார்கள், பச்சையாகவே வைக்கலாம் என்பது அவன் எண்ணம். காய்ந்ததை வை என்றேன். வருஷத்தில் முக்கால்வாசி நாம் பார்ப்பது அதைத்தான். பச்சை வைத்தால் நம் ஊர்க்காரனே சந்தேகப்படுவான். காய்ந்ததை வைத்தான்.

ஒரு நாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து விமானத்தை ஓட்டிக் காட்டினான். சென்னைப் பக்கமிருந்து வந்தோம். ஏரிகள், மாந்தோப்புகள், பாறைக் குன்றுகள், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. வெகு தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. என் கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இல்லை.

"அதான் நைனா."

தீ மூட்டிப் பாறை உடைத்தது, நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டது, எல்லாம் அவ்வளவுதானா? அவன் ஏதோ வேலை செய்து சிறிதாகக் காட்டுகிறான் என்றே நினைத்தேன்.

"கிட்டப் போ."

போனான்.

"இன்னும் கிட்ட."

"நைனா, இடிச்சிடும்."

கோபுரத்தின் கலசமும் யானைகளின் தும்பிக்கையும் தெரிகிற வரைக்கும் இறங்கச் சொன்னேன். தெரிந்தது. அப்புறம் போகலாம் என்றேன்.

ஆவணி பிறந்ததும் பிள்ளையாரை நெல்லிலிருந்து எடுத்துப் பிரதிஷ்டை செய்தோம். விசாவும் வந்தது, வேலை போகவில்லை என்று அதற்குப் பிறகுதான் நம்பினேன். அங்கே போய் வேலையை முடித்து எல்லோருக்கும் இலவசமாக விட்டுவிட்டான். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் அதை எடுத்து, அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி நம் ஊர்மேல் பறக்கிறார்களாம்.

சில வருஷங்கள் கழித்து பெயிண்ட் டப்பாக்காரர்கள் நிஜமாகவே வந்தார்கள். என் முகப்பின் முன் நின்று பிள்ளையாரைப் பார்த்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். ரோட்டைத் தாண்டிப் போய் டயர்க்கடைச் சுவரில் கோடு போட்டார்கள். என் பக்கத்தில் கால்வாய் போகிறது, அதனால் முதலிலிருந்தே அந்தப் பக்கம்தான் முடிவு என்று அவர்களில் ஒருவர் சொன்னதாகச் சொல்கிறார்கள். நான் கேட்கவில்லை.

பங்காளி ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தான்.

"உனுக்கு மின்னாடியே தெரியும் இல்ல அண்ணா? உன் புள்ள அமெரிக்காலருந்து பாத்து சொல்லிட்டான். அதான் அவசர அவசரமா கோயிலு."

"ஆடி மாசத்துல நான் மண்டபத்த மொறச்சிக்கினு நின்னப்போ நீதான தம்பி சிரிச்ச?"

"இப்போ சிரிக்கலியே."

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் இன்றைக்கும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறான். பார்க்கட்டும்.

போன மாசம் மகன் போனில் சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னான். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியிருக்கிறாராம்: ரேணிகுண்டாவில் இறங்க வரும்போது, ரோஸ் கட்டடத்தின் முன்னால் இருக்கும் சின்னக் கோபுரத்தைக் குறி வைத்துத்தான் திரும்புகிறேன், அது நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று.

"அதுல ஒத்தாசை பண்ணவங்க பேரெல்லாம் போட்டுக்கிறியா?" என்று கேட்டேன்.

"போட்டுக்கிறேன் நைனா." படித்துக் காட்டினான். சாட்டிலைட் படம் கொடுத்தவர்கள். மலையின் உயரக் கணக்கு கொடுத்தவர்கள். ரோட்டுக் கோடு கொடுத்தவர்கள், அதாவது என் பந்தியில் லாரி ஓட்டியவர்கள். ஓடுபாதை விளக்கைச் சரிபார்த்த எவனோ ஒருவன். பொறுத்துக்கொண்டதற்காக அவன் சம்சாரம். அதோடு முடிந்தது.

"என் பேரு?"

"நைனா, அது டெக்னிக்கல் லிஸ்ட்டு."

அவன் சம்சாரம் என்ன டெக்னிக்கல் செய்தாள் என்று நான் கேட்கவில்லை, வீண் சண்டை. ஆனால் விட்டுப்போனது தற்செயல் என்றும் நான் நம்பவில்லை. ஐந்தாம் வகுப்புக்காரன் பெயர் அந்த வரிசையில் எப்படி என்று யோசித்திருப்பான்.

அதனால் எழுத்தில் கேட்கிறேன். அந்தப் பட்டியலில், படம் எடுத்தவர்களுக்கு மேலே, மண்டபத்தையும் பிள்ளையாரையும் தரையில் கட்டியவர், நிறம் சொன்னவர், காய்ந்த நிலத்தை வைக்கச் சொன்னவர் என்று என் பெயர் வர வேண்டும். கரும்பு வெட்டிய என் நைனாவின் பெயரைச் சேர்த்து முழுசாக வர வேண்டும். சின்ன எழுத்தில் வேண்டாம். போட்டுவிட்டேன் என்று போனில் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த முறை வரும்போது மாப்பிள்ளை ரூமில் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்ப்பேன். தடம் பட்டால் அவனே துடைத்துக்கொள்ளட்டும்.